குறுக்கெழுத்தும் குறுக்கே வருபவர்களும்

குறுக்கெழுத்துப் புதிருக்கு உதவி என்பது கேட்காதபோது தாராளமாகவும் கேட்கும்போது அரிதாகவும் கிடைக்கும் சேவை. பெறுபவர் பென்சிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தருபவர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பார். உலகம் முழுவதும் இந்த ஏற்பாடு ஒன்றுதான். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் இருவருக்கும் நடுவே கடலும் வந்து சேர்கிறது.

புதிர் பிறந்த அன்றே உதவியும் பிறந்துவிட்டது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் ஞாயிறு மலரில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் வைர வடிவில் இருந்தது. அதன் உச்சியில் ‘ஃபன்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். இது கேளிக்கை என்பதை வாசகர் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டார் என்ற சந்தேகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். 1924-இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனம் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் போட்டபோது ஒரு பென்சிலையும் சேர்த்தே விற்றது. பேனாவைச் சேர்க்கவில்லை என்பது கவனத்துக்குரியது. பேனாவால் நிரப்புகிறவர் உதவி தேவைப்படாதவர், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்.

உதவி வாங்கி மிகப் பெரிய வம்பில் மாட்டியவர் புதிரை விடுவித்தவர் அல்ல, அமைத்தவர். 1944-ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்று விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாமே நார்மண்டிப் படையிறக்கத்துக்கு நேச நாடுகள் வைத்திருந்த ரகசியப் பெயர்கள். எம்.ஐ.5 அதிகாரிகள் புறப்பட்டுப் போய், புதிரை அமைத்த லியோனர்ட் டா என்ற தலைமையாசிரியரை விசாரித்தார்கள். அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. 1984-இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் தம் தரப்பைச் சொன்னார்: வெற்றுக் கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையை ஆசிரியர் பையன்களிடம் கொடுப்பாராம், பையன்கள் பக்கத்து ராணுவ முகாமில் காதில் விழுந்த சொற்களை எழுதி வைத்தார்களாம், அதற்குக் குறிப்பு எழுதியது மட்டும் ஆசிரியர். தம் வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளைக் கொண்டு முடித்துக்கொண்ட ஆசிரியர் என்ற வகையில் அவர் தனித்து நிற்கிறார். அந்தமான் நிர்வாகம் நடத்தும் அரசு நாளிதழுக்குப் பெயர் ‘டெய்லி டெலிகிராம்ஸ்’. பெயர்ச் சாயலைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இந்தியாவில் புதிருக்கும் கடற்படைக்கும் உள்ள உறவு அந்த டெலிகிராஃப் விவகாரத்தைவிடக் கண்ணியமானது. கடற்படைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான ராம்தாஸ் கட்டாரி, ஓய்வுபெற்ற பிறகு, 1970-களில் ‘தி இந்து’வுக்கு ஆங்கிலப் புதிர்கள் அமைத்துக் கொடுத்தார். நேர்ப்பொருள் தராமல் சொல்லை ஒளித்துவைக்கும் ஆங்கிலப் பூடகப் புதிர்களில் மாலுமிக்கு ஓயாத வேலை உண்டு. குறிப்பில் ‘மாலுமி’ என்று வந்தால் விடைக்குள் ஏ, பி என்ற இரண்டு எழுத்துகள் ஒளிந்திருக்கலாம். ‘டார்’ என்ற மூன்றெழுத்தும் இருக்கலாம். சென்னையில் இதைப் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ட்பிளேயர் துறைமுகத்தில் ஏபி என்பது கப்பலின் சம்பளப் பட்டியலில் உள்ள பதவி. அதனால் அங்கே நிஜ மாலுமியிடமே உதவி கேட்க முடியும். அந்த வசதியின் கோளாறும் அதிலேயே இருக்கிறது. இரண்டெழுத்துக் கேட்டால் அவர் போசன், செராங், ஆயில்மேன் என்று கப்பலில் உள்ள அத்தனை பேரையும் வரிசையாக இறக்குவார். அவர்களில் யார் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள் என்பதும் தெரியவரும். கட்டம் காலியாகவே இருக்கும்.

பணம் புழங்கிய புதிர்கள் தனி ரகம். ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும். எது ‘சரி’ என்பது மூடி முத்திரையிட்ட உறையில் இருக்கும். இதற்கு அகராதியைவிடக் கிளி ஜோசியர் உகந்தவர். நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு ₹1,000-க்கு மேல் பரிசு கூடாது என்று கட்டியது. 1957-இல் உச்ச நீதிமன்றமும், இவை சூதாட்டத்தோடு சேர்ந்தவை என்று சொல்லி அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதற்குப் பிறகு குறுக்கெழுத்து, பணம் வராத வேலைகளின் பட்டியலில் சேர்ந்து மரியாதை அடைந்தது.

தமிழ்ப் புதிரின் கட்டமைப்பு வேறு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துகளில் ஒன்று. தமிழில் உயிர்மெய் முழுசாக ஒரே கட்டத்தில் உட்காரும் என்பதால் 247-இல் ஒன்று. ஆகவே ஊகித்து எழுதி ஒப்பேற்றுவது கடினம், பக்கத்து வீட்டுக்காரர் ஊகிப்பது அதைவிடக் கடினம். வார இதழ்ப் புதிர்கள் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்பதில்லை. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் போகும். குறிப்பின் முடிவில் ‘கலைந்துள்ளது’, ‘திரும்பியுள்ளது’, ‘கடைசி எழுத்து இல்லை’ என்று விபத்து அறிக்கை போல ஒரு வரியும் இருக்கும். ஆங்கிலப் பூடகப் புதிரின் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் அந்த வகை.

உதவிநூலுக்குத் தமிழில் பஞ்சம் இருந்ததே இல்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 11-ஆம் தொகுதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைத் தருவது. அது எதுகை வரிசையில் அமைந்தது. அதாவது இரண்டாம் எழுத்தை வைத்துத் தேட வேண்டும். இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருந்து, முதல் எழுத்துக்குத் தலையைச் சொறியும் ஜீவன் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அப்படி ஒரு பிறவி வரப்போகிறது என்பது மண்டலபுருடருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. 1594-இல் ரேவண சித்தரின் அகராதி நிகண்டு வந்து முதலெழுத்து வரிசையைப் புகுத்தியதும் மற்றவர்கள் பிழைத்தார்கள். குறுக்கெழுத்துக்காரருக்கு அது பின்னடைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதி. மாற்றலாகித் தீவுக்கு வரும் அரசு ஊழியர் மிக்ஸி, குக்கர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றுவார். ஆறு தொகுதிகளையும் ஏற்றியதாகக் கேள்வி இல்லை.

பூடகக் குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தீவுச் சரக்கிலேயே பார்க்கலாம். ‘தள்ளி நிற்கும் புள்ளிவிலங்கு, கடலுக்கு நடுவே (5)’ என்றால் விடை அந்தமான்: அந்த, மான். 1978-இல் வந்த ‘அந்தமான் காதலி’ படத்துப் பாட்டே இந்தப் பிளவைச் செய்துவிட்டதால் இதற்கு யார் உதவியும் தேவைப்படாது. உண்மையில் அங்கே முதலில் மான் கிடையாது. பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றோ வேட்டைக்கு ஆகும் என்றோ ஆங்கிலேயர்தான் புள்ளிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ‘திகை, திரும்பினால் செல்லுலர் சிறையில் இருப்பாய் (2)’ என்பதற்கு விடை கைதி. பின்னாலிருந்து படித்தால் திகை. ‘ஓடையில் குளிக்கப் போனவரின் முதல் போனால் தலைதான் மிஞ்சும், ஜாக்கிரதை (3)’ என்பது முதலை. உவர்நீர் முதலை உள்ள ஊரில் இதற்கு எச்சரிக்கைப் பலகையே உதவி செய்துவிடும். நான்காவது ஒன்று உண்டு: ‘வந்த பால்காரர் மறைத்து வைத்தவர் கடிதம் கொடுப்பார் (6)’. இதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

தீவின் தனிச் சிக்கல் நேரம். போர்ட்பிளேயரில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. ஆனால் சென்னையில் அச்சாகும் பேப்பர் சுமார் 1,370 கிலோமீட்டர் பறந்து வர வேண்டும். சென்னைவாசி காபியோடு முடித்துவிட்ட புதிரைத் தீவுவாசி சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் வேளையில் தொடங்குகிறார். மழைக்காலத்தில் விமானம் வராத நாள்களில் தொடங்குவதே இல்லை. பரிசுப் போட்டி என்றால் இன்னும் சோதனை. வாரமலர் போன்ற ஞாயிறு இணைப்புகளின் புதிருக்கு விடை எழுதி, தபாலில் போட்டு, அது கடல் கடந்து போய்ச் சேருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும். கப்பலில் சென்னைக்கு மூன்று நாள் ஆகும் என்பது கணக்கு. கடல் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இந்தத் தாமதத்தால் மனித உதவி அங்கே செழித்தது. அதில் பல தரம் உண்டு. எழுத்து எத்தனை என்று கேட்காமலே விடை சொல்பவர் ஒரு வகை. நாலு கட்டத்துக்கு ஆறெழுத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் நெருக்கி எழுதுங்க சார்” என்பார். விடை தெரிந்தும் சொல்லாமல் சிரிப்பவர் இன்னொரு வகை. இவருக்கு மறுநாள் முதல் தேநீர் கிடைக்காது. நிரம்பியிருக்கும் சொற்களைத் திருத்துபவர் மூன்றாவது. இவரைப் பென்சிலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார வைப்பது நலம். இலங்கை மலையகத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு, கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழரின் வழிவந்தவரிடம் ‘உட்கார உதவும் (4)’ என்று கேட்டால், “கதிரை” என்று பளிச்சென்று வரும். தவறென்று சொல்ல முடியாது. ஒரு கட்டம் மட்டும் மிச்சமிருக்கும். நாற்காலி என்று மாற்றி எழுதுகிறவர் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும்.

எல்லாரிலும் மேலானவர் விடை தெரியாதவர். புதிரின் மொழியே தெரியாதவர் அதனினும் மேல். அந்தமானில் வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரி எல்லாரும் அக்கம்பக்கத்தில் இருந்து இந்தியில் பேசிக்கொள்வதால் இந்த உயர்ரக உதவி அங்கே எளிதில் கிடைக்கிறது. சாட்டம் படகுத்துறையிலிருந்து பேம்பூஃபிளாட் போகும் ஃபெர்ரியில் ஒருவர் தமிழ்ப் புதிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டர்கள் நடுவே, மீன்கூடைக்குப் பக்கத்தில், ஒரு வங்காளிப் பெரியவர் எட்டிப் பார்க்கிறார்.

“என்ன தம்பி, பரீட்சையா?”

“இல்லை தாதா, பேப்பர்ல வர்ற விளையாட்டு. இந்த ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது.”

“படிச்சுக் காட்டு.”

“உங்களுக்குத் தமிழ் தெரியாதே.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு? படி.”

இவர் படிக்கிறார்: வந்த பால்காரர். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்ற கவலையில்லாமல், காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறார்: “வந் தபால்காரர்.” தமிழ் தெரிந்த யாரும் அந்த இடத்தில் மூச்சுவிட்டிருக்க மாட்டார்கள். பென்சில் ஆறு கட்டத்தையும் நிரப்பி முடிக்கும்போது ஃபெர்ரி இன்னும் கரையைத் தொட்டிருக்காது. பெரியவர் அடுத்ததையும் கேட்பார். அதற்குச் சம்மதிக்கக் கூடாது. இந்த வகை உதவி ஒரு பயணத்துக்கு ஒரு முறைதான் பலிக்கும், இரண்டாவது முறை மீன் விலையில் போய் முடியும்.

1990-களில் மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத்துகள் வந்ததும் நெடுந்தூர உதவி சாத்தியமாயிற்று. கண்ணாடிக் கதவுக்குள் புழுக்கம். கண் முன்னே சிவப்பு எண்கள் ஓடும். வெளியே வரிசையில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த நெருக்கடியில் நடந்த உரையாடல்கள் பெரும்பாலும் இந்த வாய்பாட்டில் அமைந்தன:

“அண்ணே, மேலிருந்து கீழ் 9. ‘கரையில் நின்றால் வீண், கடலில் நின்றால் தாமதம்.’ நாலெழுத்து. ரெண்டாவது ‘ப்’.”

“அதெல்லாம் இருக்கட்டும். அம்மாவுக்கு மூட்டுவலி ஜாஸ்தியா இருக்கு. நீ பொங்கலுக்கு வர்றியா இல்லையா?”

“வர்றேண்ணே. நாலெழுத்து.”

“எதுல வர்றே? கப்பலா, பிளைட்டா?”

“இன்னும் முடிவு பண்ணலை. சரிண்ணே, பில் ஏறுது, வெச்சிடறேன்.”

காசைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை போன பிறகுதான் விடை உறைக்கும். அண்ணனுக்குக் கடைசி வரை தெரியவராது.

தெற்கே போகப் போக உதவியின் தன்மை மாறுகிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. பஞ்சாபியரோடு தமிழரும் அதில் உண்டு. போர்ட்பிளேயரிலிருந்து அங்கே போகும் கப்பலுக்கு நாளும் பொழுதும் உண்டென்றாலும் காற்று ஒத்துழைக்க வேண்டும். பேப்பர் தனித்தனியாக வராது, கட்டாக வரும். திங்கட்கிழமைப் புதிருக்குச் செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் விடை இருக்கும். இரண்டும் ஒரே சணல்கயிற்றில் கட்டி மடியில் கிடக்கும். உலகில் வேறெங்கும் குறுக்கெழுத்துக்காரருக்கு இப்படி ஒரு தர்மசங்கடம் ஏற்படுவதில்லை. மனஉறுதியை நம்ப முடியாத நிலையில் ஒரே வழி, செவ்வாய் முதல் சனி வரை உள்ள பேப்பர்களை நம்பகமான அயலாரிடம் ஒப்படைத்து, ஒரு நாளைக்கு ஒன்றாக வாங்கிக்கொள்வது. அயலார் ஓய்வுபெற்ற ஹவில்தாராக இருந்தால் ஒப்பந்தம் கண்டிப்பாக நிறைவேறும்; கெஞ்சினாலும் புதன்கிழமையை முன்கூட்டித் தர மாட்டார். ஆனால் அவர் அத்தனையையும் படித்திருப்பார். வேலிக்கு அப்பால் நின்று, “உங்க பிரதமர் புதன்கிழமை என்ன பேசினார் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். அந்தப் புதன்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருக்கும் என்பது இருவருக்கும் அப்போது நினைவில் இருக்காது.

அரசும் தன் பங்குக்கு உதவியிருக்கிறது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகளின் பெயர்கள் மாற்றப்பட்டன. நாலு கட்டம் மட்டும் பிடித்த ‘ராஸ் தீவு’, ‘நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்’ ஆனது. எண்ணிப் பார்த்தால் 15 கட்டம். நாளிதழ்ப் புதிரின் வழக்கமான அளவு 15-க்கு 15. ஒரு வரிசை இடைவெளியில்லாமல் அடைபடுகிறது. அதைத் தொட்டுக் கீழே இறங்கும் சொற்களை எங்கிருந்து கொண்டுவருவது என்பது புதிர் அமைப்பவரின் தலைவலி. 2024 செப்டம்பரில் போர்ட்பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. போர்ட்பிளேயர் 7 கட்டம். ஸ்ரீயை ஒரே கட்டத்தில் அடக்கச் சம்மதித்தால் ஸ்ரீ விஜயபுரமும் 7 கட்டம். பழைய கட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். அதிகாரிகள் இதை உத்தேசித்துச் செய்தார்களா என்பதற்கு அரசாணையில் தடயம் இல்லை.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் போட்டு இணைப்புக் கொடுத்தார்கள். ஸ்ரீ விஜயபுரம், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான், ரங்கத் என்று கோடு நீண்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத்தில் ஒரு சொல்லைத் தேடினால், பக்கம் திறப்பதற்குள் சொல் தானாக நினைவுக்கு வந்துவிடும். மூளைக்கு அதைவிட நல்ல உதவியை யாரும் வடிவமைத்ததில்லை. இப்போது மின்னிதழ் விடியும் முன்பே வந்துவிடுகிறது, விடையும் விரலசைவில் வருகிறது. கட்டத்தைத் தட்டினால் தவறான எழுத்து சிவப்பாகிறது. ஃபெர்ரியில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால், எதையோ மறைப்பதுபோல ஃபோனைத் திருப்பிக்கொள்கிறார்கள். எட்டிப் பார்ப்பவரும் அடுத்த நொடி தம் ஃபோனுக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே தரத்தில் உயர்ந்த அந்த உதவிக்கு இன்று ஆள் கிடைப்பதில்லை. மீன் விலை மட்டும் இன்னும் விவாதிக்கப்படுகிறது.

காகிதப் பேப்பருக்கு மட்டும் ஒரு கடைசி உதவி பாக்கி இருக்கிறது. படித்து முடித்தது எடைக்குப் போய், அபர்தீன் பஜாரில் வடை மடிக்க வந்து சேரும். பாதி நிரப்பிய கட்டம் மேலே இருந்தால் வடை தின்பவர் சும்மா இருக்க மாட்டார், சட்டைப்பையில் பேனா இருந்தால் இரண்டு சொல்லாவது எழுதுவார். எண்ணெய் ஊறியதும் காகிதம் ஒளி ஊடுருவும். பின்பக்கத்தில் அச்சான விடைக்கட்டம் மங்கலாக மேலே தெரியும். அதைப் பார்த்தே மீதியையும் நிரப்பிவிடலாம். அது முந்தின நாள் புதிரின் விடை என்பது மூன்றாவது வடையில்தான் தெரியும்.